கடலில் விழுந்தவருக்கான விதி

1. முதல் நாள்

நான் பிழைதிருத்துநர். தஞ்சாவூரில் பள்ளிக்கூடக் கைடு போடும் ஒரு பதிப்பகத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். அதை மூடிய பிறகு, ஐம்பத்திரண்டாவது வயதில், மருத்துவக் கல்லூரி சாலைக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் இயங்கிய சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். விளையாட்டுப் புத்தகம் போடுகிறோம் என்று போனில் சொன்னார் அதன் உரிமையாளர் முரளி. கபடி, கிரிக்கெட் பற்றிய புத்தகம் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

முதல் நாள் என்னிடம் கொடுத்த தாள்களில் மூன்றாவது வரி இப்படி இருந்தது: "நடத்துநர் சொல்வதே இறுதி முடிவு." அடுத்த பக்கத்தில் நடத்துநர் பகடை உருட்டினார். அதற்கடுத்த பக்கத்தில் புயலை வரவழைத்தார். மதியம் வரை பார்த்துவிட்டு, "இது பஸ்ல நடக்கிற கதைங்களா?" என்று கேட்டேன். முரளிக்குச் சிரிப்பு வந்தது. அதை எழுதிய இளங்கோவுக்கு வரவில்லை.

பிறகு அவரே பொறுமையாக விளக்கினார். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் சூழ்நிலையைச் சொல்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அந்த இடத்தில் தாங்கள் என்ன செய்வார்கள் என்பதைச் சொல்கிறார்கள். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை. பாத்திரத்தின் பெயர், திறமை, கையில் உள்ள பொருள் எல்லாம் ஒரு தாளில் இருக்கும். ஜெயித்தவர், தோற்றவர் கிடையாது. புத்தகத்தில் இருப்பது விதிகளும் ஒரு கதைக்களமும்தான். கதையை ஆடுகிறவர்கள் உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் இதை ஆர்.பி.ஜி. என்பார்கள். தமிழில் அப்போது இதற்கென்று நாலு வார்த்தைகூட நிலைக்கவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் "நடத்துநர்" என்பதைக் "கதை நடத்துபவர்" என்று மாற்றினோம். அதுதான் நான் அங்கே செய்த முதல் வேலை.

கைடில் ஒரு பிழை இருந்தால் பிள்ளைக்கு ஒரு மார்க் போகும். இதில் பிழை இருந்தால் யாரோ ஒருவர் வீட்டில் ஆட்டம் நின்றுவிடும். முதல் புத்தகத்தில் "அல்லது" வரவேண்டிய இடத்தில் "மற்றும்" என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டேன். திருச்சியிலிருந்து ஒரு குழு போன் செய்து, அந்த ஒரு வார்த்தையால் ஒரு மணி நேரம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம் என்றது. அதிலிருந்து ஒவ்வொரு விதியையும் நாலு தடவை படிப்பது என்று வைத்துக்கொண்டேன். விதியைப் படிக்கிறவர் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறதா என்று பார்ப்பேன். இடமில்லை என்றால் டிக் போடுவேன்.

2. இரண்டாவது புத்தகம்

இளங்கோ குடவாசல் பக்கத்துக்காரர். அப்பா பள்ளித் தலைமையாசிரியர். நிலமெல்லாம் குத்தகைக்குப் போய், பிறகு கைமாறியும் போன குடும்பம். அவர் எழுதிய முதல் ஆட்டம் கடைமடைக் கிராமம் ஒன்றில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவதைப் பற்றியது. மடையை யார் திறப்பது, யார் வயல் முதலில் நனைவது என்று நாலு பேர் மேசையில் உட்கார்ந்து அடித்துக்கொள்வார்கள். அவர் பார்த்து வளர்ந்த விஷயம் என்பதால் அதில் யாரும் குறை சொல்லவில்லை. மெதுவாக விற்றது.

இரண்டாவது ஆட்டம் கடல். ஒரு விசைப்படகு, அதில் ஐந்து பேர், வாடைக் காற்று வீசும் மாதங்கள். இளங்கோ கடலைக் கரையில் நின்று பார்த்தவர். ஆனால் நிறையப் படித்திருந்தார். சென்னையில் ஐ.டி. பையன்களிடமும் தஞ்சாவூரில் கல்லூரி மாணவர்களிடமும் கொடுத்து ஆடவைத்துப் பார்த்தோம். எல்லோருக்கும் பிடித்திருந்தது.

அதில் அறுபத்தொன்றாம் பக்கத்தில் ஒரு விதி இருந்தது: "கடலில் விழுந்த பாத்திரம் மூன்று சுற்றுக்குள் மீட்கப்படாவிட்டால் இறந்ததாகக் கொள்க. ஆட்டக்காரர் புதிய பாத்திரம் ஒன்றை உருவாக்கிக்கொள்ளலாம்."

முதல் வரைவில் "மீட்கபடாவிட்டால்" என்று ஒற்று இல்லாமல் இருந்தது. ப் போட்டேன். "கொள்ளவும்" என்பதைக் "கொள்க" என்று மாற்றினேன். நாலு தடவை படித்து டிக் போட்டேன்.

கார்த்திகை மாதத்தில் அச்சடிக்கும் பிளேட் தயாராகிவிட்டது. மார்கழி பிறந்தால் பிரஸ்ஸில் காலண்டர், டைரி வேலை நெருக்கும். தை மாதம் கல்யாணப் பத்திரிகை. அதற்கெல்லாம் முன்னால் எங்களுக்கென்று நாலு நாள் மிஷின் ஒதுக்கியிருந்தார்கள். பொங்கலை ஒட்டி நடக்கும் புத்தகக் கண்காட்சியில் முரளி ஸ்டால் பிடித்திருந்தார். முன்பதிவு செய்தவர்களுக்கு அங்கே கையில் தருவதாகச் சொல்லியிருந்தார். இந்தப் புத்தகம் விற்கவில்லை என்றால் மூன்றாவது புத்தகம் கிடையாது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

3. நாகூர்

அந்தச் சமயத்தில் நாகூரிலிருந்து பவித்ரா என்ற கல்லூரி மாணவி மெயில் அனுப்பினாள். எங்கள் முதல் ஆட்டத்தை வாங்கி வீட்டில் அம்மாவோடும் பக்கத்து வீட்டுக்காரர்களோடும் ஆடுவதாகவும், மீன்பிடிக் குடும்பம்தான் என்றாலும் மடைச் சண்டை நன்றாகப் புரிந்ததாகவும் எழுதியிருந்தாள். முரளி உடனே போன் செய்தார். கடல் ஆட்டத்தைக் கடற்கரைக்காரர்களே ஆடுவதை வீடியோ எடுத்தால் விளம்பரத்துக்கு ஆகும் என்பது அவர் எண்ணம். சோதித்துப் பார்க்கும் எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. சோதனையெல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருந்தோம்.

மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். மழை எச்சரிக்கை இருந்ததால் படகுகள் கடலுக்குப் போகவில்லை. வலை பின்னும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பவித்ராவின் அம்மா கலாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மார்க்கெட்டில் மீன் விற்பவர். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள்.

கலா நன்றாக ஆடினார். ஆட்டத்துக்கு நடுவே இளங்கோவைத் திருத்தவும் செய்தார். வாடைக் காலத்தில் கிடைக்காத மீனையெல்லாம் வலையில் போட்டிருக்கிறீர்கள் என்றார். தான் கடலுக்குப் போனதில்லை என்றும், போனவர்கள் சொல்லிக் கேட்டதுதான் என்றும் அவரே சொன்னார். இளங்கோ எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். முரளி செல்போனில் வீடியோ எடுத்தார்.

பவித்ரா ஏற்றிருந்த பாத்திரத்தின் பெயர் செல்வம். கதையில் அலை திரும்பி அடித்தபோது செல்வம் கடலில் விழுந்தான். மீட்க ஐந்து அல்லது ஆறு விழ வேண்டும். இரண்டு விழுந்தது. பிறகு ஒன்று. பிறகு மூன்று.

"செல்வம் இறந்துட்டார். பவித்ரா, நீங்க புதுசா ஒரு ஆளை எழுதிக்கலாம்" என்று இளங்கோ ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார்.

கலா கையிலிருந்த பகடையைப் பாயில் வைத்தார்.

"யாரு பாத்தா தம்பி?"

"எதைங்க?"

"அவன் செத்ததை."

இளங்கோ பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். மூன்று சுற்று முடிந்தால் அப்படித்தான் விதி என்றார்.

"மூணு சுத்துன்னா எவ்வளவு நேரம்?"

"கதையில ஒரு பதினஞ்சு நிமிஷம்க்கா."

கலா தலையாட்டினார். "எனக்கு ஏழு வருஷம் ஆச்சு" என்றார்.

முரளி செல்போனைக் கீழே இறக்கினார். பவித்ரா பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு கலா சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். அவர் கணவர் ஒரு ஐப்பசியில் நாலு பேர் போன படகில் போனார். படகு கவிழ்ந்தது. மூன்று பேர் வந்தார்கள். அவர் வரவில்லை, உடலும் வரவில்லை. உடல் இல்லாததால் இறப்புச் சான்று இல்லை. ஏழு வருடம் அவர் எல்லாத் தாளிலும் "காணாமல் போனவர்" என்றே இருந்தார். குடும்ப அட்டையில் பெயர் இருந்தது. சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்தில் குங்குமத் தட்டை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் கலாவுக்கு முன்னால் வந்து நின்று தயங்குவார்கள். அதற்காகவே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடைசியில், இரண்டு வருடத்துக்கு முன்பு, கோர்ட் வழியாகப் பேப்பர் வந்தது. அதில் ஒரு தேதியைப் போட்டு அன்று இறந்ததாக எழுதியிருந்தார்கள். அந்தத் தேதியில் மார்க்கெட்டில் வெயிலில் உட்கார்ந்து மீன் விற்றுக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அழவில்லை. கணக்குப் பார்த்துச் சொல்கிறவர் மாதிரிதான் சொன்னார்.

ஆட்டத்தை அதற்கு மேல் தொடரவில்லை. டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

4. பஸ்ஸில்

திரும்பும்போது முரளிதான் முதலில் பேசினார். அந்த அம்மாவின் கதை பாவம்தான், ஆனால் புத்தகம் வாங்குகிறவர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு விதி மட்டும்தான் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இளங்கோ ஆட்டத்தையே கைவிட்டுவிடலாம் என்றார். தனக்கு இதை எழுத என்ன உரிமை இருக்கிறது என்றார். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வந்தார்கள். இரண்டு பக்கமும் சம்பா வயல் தண்ணீரில் நின்றது.

திருவாரூர் வரை நான் அறுபத்தொன்றாம் பக்கத்தையே மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமாக இருந்தது. அதில் நான் போட்ட ப் எந்த இடத்தில் இருக்கிறது என்றுகூடத் தெரியும். நாலு தடவை படித்ததில் ஒரு தடவைகூட, ஒரு ஆள் சாகிறான் என்பது என் கண்ணில் படவில்லை.

"தப்பு இளங்கோ மேல மட்டும் இல்ல. அதுல டிக் போட்டது நான்" என்றேன். "அந்த ஒரு ஃபாரத்தை மட்டும் நிறுத்த முடியுமான்னு பாருங்க."

புத்தகத்தைப் பதினாறு பதினாறு பக்கமாகத்தான் அச்சடிப்பார்கள். அந்தப் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். அறுபத்தொன்றாம் பக்கம் நாலாவது ஃபாரத்தில் வருகிறது. அதை மட்டும் மாற்றினால் மற்ற பிளேட் எல்லாம் பிழைக்கும். ஆனால் புதிய விதி அதே ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

முரளி விரல் விட்டு நாள் எண்ணினார். பிறகு பத்து நாள் தருகிறேன் என்றார். அதற்கு மேல் போனால் மிஷின் கை விட்டுப்போகும்.

5. ஆறு விழுந்தால்

இளங்கோ ஆறு நாளில் புதிதாக எழுதிக் கொடுத்தார். காணாமல் போனவரின் வீட்டுக்கு ஒரு அட்டவணை. ஒவ்வொரு முறை ஆட உட்காரும்போதும் அந்த வீட்டுக்காரராக ஆடுபவர் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் ஒரு செருப்பு கரை ஒதுங்கும். மூன்று விழுந்தால் யாரோ தூரத்து ஊரில் பார்த்ததாகச் சொல்வார்கள். ஆறு விழுந்தால் ஆள் திரும்பி வருவார். இரண்டரைப் பக்கம் வந்தது. எழுத்தைச் சின்னதாக்கினாலும் ஒரு பக்கத்தில் அடங்காது. ஆனால் நன்றாக எழுதியிருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதை எடுத்துக்கொண்டு இளங்கோவும் நானும் நாகூர் போனோம். முரளி வரவில்லை. மார்க்கெட் முடிந்து கலா வீட்டில் இருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கி, ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படித்தார்.

"ஆறு விழுந்தா வந்துடுவாரா?"

"ஆமாக்கா. ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவை உருட்டலாம்."

"அப்புறம் அந்த வீட்டுக்காரி வேற வேலையே பாக்க மாட்டா தம்பி. உருட்டிக்கிட்டேதான் இருப்பா." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "அப்படித்தான் நான் கொஞ்ச நாள் இருந்தேன். அது வேணாம்."

இளங்கோ பேனாவை மூடிவிட்டார். எழுந்துவிடலாம் என்று நான் நினைத்தேன். கலாதான் மேலே பேசினார். படகில் இருந்த மற்ற நாலு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். அவர்கள் தொடர்ந்து மீன் பிடிக்கலாம் என்று இளங்கோ சொன்னார்.

"கரைக்கு வருவாங்கல்ல. வந்தா யாரு அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்றது? அதை எழுதுங்க."

அன்று கலாவின் வீட்டுக்கு யாரும் வந்து சொல்லவில்லை. மீன் ஏலம் போடும் இடத்தில் நின்றிருந்தார். படகைக் கட்டி இழுத்து வந்ததைப் பார்த்தார். அவர் கிட்டே போகப் போகக் கூட்டம் பேச்சை நிறுத்தி வழி விட்டது. அப்படித்தான் தெரிந்தது. தப்பி வந்த மூன்று பேரில் சேகர் என்பவர் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். ஒன்பது வருடமாகக் கலா அவரோடு பேசவில்லை. அவர் படகு மீனைத் தொடுவதில்லை. பவித்ராவும் அந்தத் தெரு வழியாகப் போகமாட்டாள்.

அதை இப்போது ஆடிப் பார்க்கலாமா என்று இளங்கோ கேட்டார். நான் அவரைத் தடுக்கப் பார்த்தேன். கலா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றார். தான் படகில் இருந்தவனாக இருப்பதாகவும், பவித்ரா செல்வத்தின் வீட்டில் இருக்கட்டும் என்றும் சொன்னார். பவித்ரா அம்மாவைப் பார்த்துவிட்டு அடுப்படிப் பக்கம் போய் உட்கார்ந்தாள்.

"படகு கரைக்கு வந்துடுச்சு. காலைல பதினோரு மணி. நீங்க செல்வம் வீட்டுக்குப் போறீங்க" என்றார் இளங்கோ. பகடை என் பையில் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கலா எழுந்து வாசலுக்குப் போய், வெளியே இறங்கி, திரும்பி உள்ளே பார்த்து நின்றார்.

"என்னண்ணே, நீங்க மட்டும் வந்திருக்கீங்க?" என்றாள் பவித்ரா.

கலா வாயைத் திறந்தார். சோதனை ஆட்டத்தில் நேரம் குறிப்பது என் வேலை. பழக்கத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு நிமிடம் அவர் அப்படியே நின்றார். தெருவில் ஒரு சைக்கிள் போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"நாங்க தேடுனோம்மா" என்றார் கடைசியில்.

"எது வரைக்கும் தேடுனீங்க?"

பவித்ரா இதை ஆட்டத்துக்காகக் கேட்டாளா என்று எனக்குத் தெரியாது. கலா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். தன் சொந்தக் குரலில், "என்னால சொல்ல முடியல" என்றார். பிறகு, எங்களிடம் சொல்வது போல் இல்லாமல், "சேகருக்கு அப்ப இருபத்திரண்டு வயசுதான் இருக்கும்" என்றார்.

பவித்ரா எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவளும் படியில் உட்கார்ந்தாள். நாங்கள் உள்ளேயே இருந்தோம்.

6. நாலாவது ஃபாரம்

விதியை இளங்கோ அங்கேயே எழுதினார். கலா இரண்டு இடத்தில் மாற்றச் சொன்னார். நான் ஒரு வார்த்தையும் தொடவில்லை. அச்சில் வந்தது இதுதான்:

"கடலில் விழுந்தவரை மீட்க முடியாவிட்டால் பகடையை ஓரமாக வைக்கவும். படகு கரைக்குத் திரும்புகிறது. யாராவது ஒருவர் அவர் வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். யார் போவது என்று பேசி முடிவு செய்யவும். விழுந்தவராக ஆடியவர் இனி அந்த வீட்டில் இருப்பவராக ஆடுவார். பழைய பாத்திரத் தாளைக் கிழிக்கக் கூடாது. அவர் இறந்துவிட்டார் என்பதை அந்த வீட்டில் இருப்பவர் மட்டுமே, தனக்குத் தோன்றும்போது, சொல்லலாம்."

முரளி இரண்டு தடவை படித்தார். "சொல்லாமயே விட்டா?" என்று கேட்டார். அப்படியே இருக்கும் என்றார் இளங்கோ. முரளி மூன்றாவது தடவையும் படித்துவிட்டுப் பிரஸ்ஸுக்குப் போன் போட்டார். நாகூர் போய் வந்து, எழுதி, பக்கத்தை மறுபடி அமைத்து, பிளேட் போடுவதற்குள் பத்து நாள் தாண்டிவிட்டிருந்தது. மிஷினில் காலண்டர் ஏறிவிட்டது.

கண்காட்சியில் எங்கள் ஸ்டாலில் ஒரே ஒரு புத்தகமும், வராத புத்தகத்துக்கு ஒரு பேனரும் இருந்தன. முன்பதிவு செய்தவர்கள் வந்து கேட்டார்கள். சிலர் கோபமாகப் பேசிவிட்டுப் போனார்கள், சிலர் பதிவை ரத்து செய்தார்கள். முரளி கண்காட்சி நடந்த பத்து நாளும் அங்கே நின்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னார். நாகூர் வீடியோவை அவர் வெளியிடவில்லை. யாரும் கேட்காமலே அழித்துவிட்டார்.

மாசியில் மிஷின் கிடைத்தது. நாலாவது ஃபாரம் ஓடும்போது பிரஸ் ஃபோர்மேன் என்னைக் கூப்பிட்டார். "அறுபத்தொண்ணுல பாதிப் பக்கம் காலியா இருக்கு மேடம். மேட்டர் விட்டுப்போச்சா?" என்றார். அவ்வளவுதான் மேட்டர், ஓட்டுங்கள் என்றேன்.

புத்தகம் வந்ததும் கோயம்புத்தூரிலிருந்து ஒரு குழு எழுதியது. பகடை இல்லாத விதி ஒரு விதியா, எங்கள் ஆட்டத்தில் ஒருவன் கடலில் விழுந்ததும் மேலே என்ன செய்வதென்று தெரியாமல் கலைந்துபோனோம் என்றது. இளங்கோ மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதினார், விதியை மாற்றவில்லை. இன்னும் சிலரும் அப்படி எழுதினார்கள். முதல் புத்தகம் அளவுக்கே இதுவும் விற்றது. அதைவிட மெதுவாகவும் இல்லை, வேகமாகவும் இல்லை. மூன்றாவது புத்தகம் போட முடிந்தது.

பங்குனியில் பவித்ரா போன் செய்தாள். புத்தகத்தில் சோதனை ஆட்டக்காரர்கள் பட்டியலில் தங்கள் பெயர் வந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னாள். பிறகு, அம்மா சேகர் வீட்டுக்குப் போய்வந்ததாகச் சொன்னாள். இவள் தெருமுனையில் நின்றிருக்கிறாள். அரை மணி நேரம் கழித்து அம்மாவும் அவரும் வெளியே வந்தார்கள். என்ன பேசினார்கள் என்று அம்மா இதுவரை சொல்லவில்லையாம். மறுநாள் சேகர் படகு மீன் அம்மாவின் கூடையில் இருந்ததாம்.

போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் சில பேர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். பழைய அறுபத்தொன்றாம் பக்கத்தில் எழுத்துப்பிழை இல்லை, பொருள் மயக்கமும் இல்லை. அந்த விதியால் எந்த ஆட்டமும் நின்றிருக்காது. அதனால்தான் அது எங்கள் மூன்று பேரையும் தாண்டிப் போனது. அவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு விதியை எழுதி முடித்தால், அது நிஜத்தில் நடந்த வீடு ஒன்று எங்காவது இருக்கும். அங்கே ஒரு முறை எடுத்துக்கொண்டு போங்கள். பிளேட் போடுவதற்கு முன்னால் போங்கள்.